சாத்திய ஜன்னலும் தாழிட்ட ஜன்னலும்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் கேமரா வைக்கப் போகிறார்களாம். காவல்துறையில் இருந்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்க வந்திருந்தார். கேமரா நல்லதுதான், வையுங்கள், ஆனால் அதற்கு முன் உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன என்று சொல்லுங்கள் என்றேன். அவர் கூரையைப் பார்த்தார், விரல்களை மடக்கினார், "ஒரு பத்து இருக்கும்" என்றார்.

அவர் வீட்டை நான் மாடியிலிருந்து தினமும் பார்க்கிறவன். பதினான்கு. குளியலறைகளுக்கு மேலே இருக்கும் சின்ன ஜன்னல்களையும் சேர்த்தால் பதினாறு. அவற்றில் மூன்று எப்போதும் திறந்தே கிடக்கும். இதைச் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வீட்டு ஜன்னலை எண்ணுகிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்? உள்ளேயிருந்து என் மனைவி, "இவரு பஸ்ல போனாலும் பஸ் ஜன்னலை எண்ணுவாரு, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்று சமாதானம் சொன்னாள். செயலாளர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். "இதை வாயால சொன்னா ஆளுக பிணங்கும் சார். நம்ம சங்க மலருக்கு எழுதித் தந்திருங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது மலையாள மண்ணில், போலீஸ் கைரேகைப் பிரிவில். பூதக்கண்ணாடியோடு மேஜையில் குனிந்திருக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் திருட்டு நடந்த வீடுகளில் நான் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஏதாவது ஒரு ஜன்னலின் முன்னால்தான் நின்றிருக்கிறேன். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, தேர்வெழுதி, பயிற்சிக்குப் போனேன். சுழி, வளையம், வில் என்று ரேகைகளைப் பிரித்துப் பிரித்துக் கண் எரிந்ததைத் தவிர அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரேகையைப் படிக்க அங்கே கற்றேன். வீட்டைப் படிக்கக் கற்றது தங்கப்பன் சாரிடம்.

தங்கப்பன் சார் எங்கள் இன்ஸ்பெக்டர். நல்ல உயரம், ஒல்லி. வளைந்த பிடி வைத்த கறுப்புக் குடை ஒன்று வெயிலோ மழையோ எப்போதும் கையில் இருக்கும். என்னோடு தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழில் பாதி மலையாளம், என்னைக் கூப்பிடுவதும் 'எடோ' என்றுதான். திருட்டு நடந்த வீட்டில் வேலை முடியும்வரை உட்கார மாட்டார், ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் எல்லோரும் அவசரமாக வாசலுக்குப் போவார்கள். இவர் போக மாட்டார். குடையைப் பின்னால் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, வீட்டை வெளியே சுற்றி ஒரு தடவை மெதுவாக நடப்பார். "சார் பிரதட்சிணம் தொடங்கியாச்சு" என்று கான்ஸ்டபிள்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். "சிரிக்கட்டும். கள்ளனும் முதலிலே இதைத்தான் செய்தான்" என்பார் என்னிடம்.

சுற்றி வந்த பிறகு வீட்டுக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை ஜன்னல் என்பது. சரியான விடை சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஜன்னலாக நின்று மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வார். கதவு சாத்தியிருக்கிறதா? தாழ்ப்பாள் அதன் துளைக்குள் முழுக்க இறங்கியிருக்கிறதா? திருட்டுக்கு முன்னாலும் இப்படித்தான் இருந்ததா? "முதல் ரெண்டும் யாரும் பாக்கும் எடோ. மூணாவதுக்குத்தான் நமக்கு சம்பளம்."

அந்த மூன்றாவது கேள்விக்கு வாயால் வரும் பதிலை அவர் நம்புவதில்லை. தாழ்ப்பாளையே கேட்கச் சொல்வார். தினமும் பயன்படும் தாழ்ப்பாளின் குமிழ் பளபளவென்று தேய்ந்திருக்கும். பயன்படாததில் தூசியும் பெயின்டும் ஏறியிருக்கும். கீழே சட்டத்தில் இருக்கும் துளையைப் பார்த்தால் இன்னும் தெரியும். பல வீடுகளில் அந்தத் துளை குப்பையால் அடைந்துபோய், தாழ்ப்பாள் அரை விரல்கூட இறங்காது. வெளியிலிருந்து கதவைப் பிடித்து நாலு தடவை குலுக்கினால் துள்ளி மேலே வந்துவிடும்.

சாஸ்தமங்கலத்தில் ஒரு கான்ட்ராக்டர் வீடு. தேக்கு முன்கதவில் மூன்று பூட்டுகள். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினார், ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது என்றார். தங்கப்பன் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கள்ளன் இந்தப் பூட்டைப் பாத்தானா?" என்றார். பார்க்கவே இல்லை. அடுக்களை ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. புகை போகட்டும் என்று ஒரு கதவைத் தாழிடுவதே இல்லை. வந்தவன் அதன் வழியாக ஏறி, பானையில் இருந்த மீன்குழம்பையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, பின்கதவின் தாழைத் திறந்து நிம்மதியாகப் போயிருந்தான். கான்ட்ராக்டரின் மனைவி, "மூணு பூட்டும் போட்டு நம்மளைத்தான் பூட்டி வச்சிருந்தீங்க" என்று எங்கள் முன்னாலேயே அவரை ஒரு பிடி பிடித்தார்.

பின்னாளில், இரண்டாயிரத்துக்குப் பிறகு, நகரத்தில் ஃபிளாட்டுகள் எழும்பின. அலுமினியத் தள்ளு ஜன்னல்கள் வந்தன. அவற்றின் நடுவே இருக்கும் சின்னக் கொக்கியை எல்லோரும் பூட்டு என்று நம்பினார்கள். சில ஜன்னல்களில் கண்ணாடிக் கதவைத் தூக்கி ஆட்டினாலே கொக்கி கழன்றுவிடும். கதவு ஓடுகிற பள்ளத்தில் உள்பக்கமாக ஒரு மரத்துண்டை அளவாக வெட்டிப் படுக்கவைத்தால் போதும், கொக்கி கழன்றாலும் கதவு நகராது. என் வீட்டில் எல்லாத் தள்ளு ஜன்னலுக்கும் அப்படி வைத்திருக்கிறேன். சாவி போட்டுப் பூட்டும் வகை இன்னும் நல்லது. ஆனால் அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீப்பிடித்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதேசமயம் வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற இடத்திலும் அது தொங்கக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பேரூர்க்கடை வீடு ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மீன மாதம், அதாவது நம் பங்குனி, நல்ல வெயில். அந்த வீட்டு எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கணவர் ஜெயசீலன் தினமும் ரயிலில் கொல்லத்துக்கு வேலைக்குப் போய் வருபவர். ஒரு நாள் மாலை டீச்சர் பள்ளியிலிருந்து திரும்பியபோது முன்கதவு பூட்டியபடியேதான் இருந்தது. தன் சாவியால் திறந்து உள்ளே போனால் அலமாரி திறந்து கிடக்கிறது, எட்டுப் பவுன் நகையைக் காணவில்லை. அலமாரிச் சாவி அலமாரியின் தலையிலேயே இருந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். எந்தப் பூட்டும் உடைபடவில்லை. முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி உண்டு. அதில் முன்கதவின் இன்னொரு சாவி எப்போதும் தொங்கும். அது போயிருந்தது.

ஆணிக்கு அடுத்து கம்பி போட்ட ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் உட்பட வீட்டு ஜன்னல்கள் எல்லாமே உள்ளே தாழிட்டிருந்தன என்று டீச்சர் சொன்னார். புகாரை விசாரித்த எஸ்.ஐ.யும் வந்து பார்த்தார், எல்லாம் தாழிட்டுத்தான் இருந்தன. அவர் முடிவுக்கு வர வெகு நேரம் ஆகவில்லை. வெளியிலிருந்து எவனும் சாவியை எடுத்திருக்க முடியாது, வீட்டுக்குள் வந்தவர்தான் எடுத்திருக்க வேண்டும். அன்று காலை உள்ளே வந்துபோன வெளியாள் ஒரே ஒருத்தி, பாத்திரம் தேய்க்க வரும் பேச்சியம்மாள்.

மறுநாள் காலை நாங்கள் அந்த வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்டேஷனில் இறங்கி அவளுடைய ரேகையை எடுக்க வேண்டியிருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் பரோட்டா போடும் அவள் கணவன் கேட்டுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தான். அவள் விரல்களில் மை தடவி உருட்டினேன், சரியாகப் பதியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். சோப்புத் தூளிலும் சாம்பலிலும் ஊறி ரேகைகள் தேய்ந்து கிடந்தன.

"எத்தனை வாட்டி ஐயா வைக்கச் சொல்லுவீக? இருந்தாத்தானே பதியும்" என்றாள். நான் தமிழில் பதில் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐயா, நான் எடுக்கலை. எடுத்தேன்னு ஆச்சுன்னா மத்த மூணு வீடும் இன்னைக்கே நிப்பாட்டிரும். அது போனாப் போவுது. எங்க லைன் வீடுகள்ல பன்னெண்டு பொம்பளைக இந்தத் தெருவுகளத்தான் நம்பி இருக்கோம். ஒருத்தி கள்ளின்னா அம்புட்டுப் பேரும் கள்ளிதான். நாளைப் பின்ன எவ எங்களுக்குக் கதவு திறப்பா?"

ஜீப்பில் ஏறியதும் தங்கப்பன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடோ, அவள் உன்னோட பாஷை பேசுது. அதனாலே நீ எல்லாம் ரெண்டு தடவை பாரு. அவள் எடுக்கலைன்னு உன் மனசிலே தோணுதா?" தோன்றுகிறது என்றேன். "அப்போ மூணு தடவை பாரு."

பேரூர்க்கடையில் பிரதட்சிணம் முடிந்தது. எத்தனை ஜன்னல் என்று கேட்டார். "ஒன்பது" என்றார் டீச்சர், யோசிக்காமல்.

"பதினொண்ணு, டீச்சரே."

"கணக்கு டீச்சர்னு பேருதான்" என்றார் பின்னால் நின்ற ஜெயசீலன். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நகர்ந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"எத்தனையோ இருக்கட்டும் சார். அவ்வளவும் தாழ் போட்டிருந்தது. நானே என் கண்ணால பாத்தேன். வேதபுஸ்தகத்துல கைவச்சுச் சொல்லுவேன்" என்றார் டீச்சர். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு பெண்களும் உண்மையே சொல்வது போலிருந்தது. இரண்டும் உண்மையாக இருக்க வழியில்லை.

உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். படுக்கையறை, அடுக்களை, சாப்பாட்டு அறை எல்லாவற்றிலும் குமிழ்கள் தேய்ந்து பித்தளை தெரிந்தது. ஆணிக்குப் பக்கத்து முன்ஜன்னலில் மட்டும் குமிழ் பச்சையாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்கள், தாழ்ப்பாளை மேலே தூக்கிவைத்த நிலையிலேயே அதன்மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். காய்ந்ததும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ரோட்டுத் தூசி வருகிறது என்று அந்த ஜன்னலை யாரும் திறப்பதும் இல்லை. பெயின்ட் பிசுபிசுப்பில் கதவு சட்டத்தோடு ஒட்டி நிற்கும், சாத்தினாலே தாழிட்டது போல இறுக்கமாக இருக்கும். நம் ஊரில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது என்பதை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் பார்த்தபோது அந்தத் தாழ்ப்பாள் கீழே இறங்கித் துளைக்குள் இருந்தது. மேலே அது முன்பு ஒட்டியிருந்த இடத்தில் பச்சை பிய்ந்து பழைய வெள்ளை தெரிந்தது. கீழே சட்டத்தின் மேல், தூசிக்கும் மேலே, பச்சைப் பொருக்குகள் புதிதாக உதிர்ந்து கிடந்தன. கிறிஸ்துமஸ் முதல் அசையாத தாழ்ப்பாளை யாரோ இப்போதுதான் இறக்கியிருக்கிறார்கள். எப்போது? திருட்டுக்கு முன்னால் என்றால் பேச்சியம்மாள் தப்ப வழியில்லை. பின்னால் என்றால், சாவி காணாமல் போன நேரத்தில் அந்த ஜன்னல் வெறுமனே சாத்தித்தான் இருந்தது.

ஒட்டிப்போன தாழ்ப்பாளை இறக்க ஒரு கை போதாது. ஒரு கை குமிழை அழுத்தும்போது மற்றக் கை கதவைப் பிடித்து அழுத்த வேண்டும். அந்த மற்றக் கையின் தடம் கதவில் எங்கேயாவது இருக்கும் என்று, தாழ்ப்பாளுக்கு இடப்பக்கம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். நான்கு விரல்கள், அடியில் பாதி உள்ளங்கை. பவுடர் தூவவே தேவையில்லாமல் பச்சையின் மேல் வெள்ளையாகத் தெரிந்தன. சாரைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "நம்ம பவுடர் வேண்டாம் எடோ. அவங்க சொந்தப் பவுடர் கொண்டு வந்திருக்கு" என்றார். சாக்பீஸ் பொடி.

படம் எடுத்து முடிக்கும்வரை டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சார் அவரைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "நேத்து ஸ்கூல் விட்டு வந்தது முதல் என்னென்ன செய்தீங்கன்னு வரிசையா சொல்லுங்க டீச்சரே. ஒண்ணும் விடாம."

"வந்தேன். அலமாரியைப் பாத்தேன். அலறிட்டேன். இவருக்குப் போன் பண்ணினேன், கிடைக்கல. ஸ்டேஷனுக்குப் பண்ணினேன். வாறோம்னாங்க. வீட்டுல நான் ஒத்தைக்கு. எடுத்தவன் திரும்பி வந்துருவானோன்னு எனக்கு ஒரே பேடி, பயம். அதனால ஓடி ஓடி எல்லா ஜன்னலையும்..."

தன் இடது கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

திருட்டு நடந்த வீடுகளில் பிறகும் பல தடவை இதைக் கண்டிருக்கிறேன். நகை போனதைக் கண்டதும் முதலில் செய்வது, வீட்டை அடைப்பது. பயத்தில் கை செய்கிறது, மனதில் பதிவதில்லை. எஸ்.ஐ. வந்தபோது ஜன்னல்கள் தாழிட்டிருந்ததை டீச்சர் கண்ணால் கண்டது உண்மை. அந்தக் காட்சிதான் அவருக்குள் நின்றது.

தாழ்ப்பாளை மேலே தூக்கிவிட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு, வெளியே போனோம். கதவின் கீழ் விளிம்பில் பெயின்டில் ஒரு புதுக் கீறல் இருந்தது. அதைத் தொடாமல், தள்ளி ஒரு இடத்தில் டீச்சரின் இரும்பு அளவுகோலை நுழைத்து நெம்பினேன், கதவு திறந்தது. ஆணியில் வேறொரு சாவியை மாட்டச் சொல்லியிருந்தோம். சார் தன் குடையைத் தலைகீழாகப் பிடித்துக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்தார். வளைந்த பிடியால் சாவியை ஆணியிலிருந்து தூக்கி, கையில் விழ வைத்து, அதற்குள் ஸ்டேஷனிலிருந்து வந்து நின்ற எஸ்.ஐ.யிடம் நீட்டினார்.

எஸ்.ஐ. லேசில் விடுகிறவர் அல்ல. "இப்படி வெளியே நின்னு எடுக்கலாம்னா, அந்தப் பொம்பளையும் எடுத்திருக்கலாமே சார்?"

"எடுக்கலாம். நானும் எடுக்கலாம், நீரும் எடுக்கலாம். ரோட்டிலே குடையோட போற எல்லாரும் எடுக்கலாம். அப்போ அவளை மட்டும் எதுக்கு பெஞ்சிலே இருத்தியிருக்கு?"

கதவின் வெளி விளிம்பில் மூன்று விரல்களின் ரேகை கிடைத்தது. வரி வரியாகக் கூர்மையாக இருந்தது. ஒப்பிட வேண்டும் என்பதற்காக டீச்சர், ஜெயசீலன் இருவரின் ரேகையையும் எடுத்தோம். "நகை போனதும் எனக்கு, கையில மையும் எனக்கா?" என்று டீச்சர் முணுமுணுத்தார், ஆனால் கையை நீட்டினார். அலுவலகத்துக்கு வந்து, சார் சொன்னபடி மூன்று தடவை பார்த்தேன். உள்ளே சாக்பீஸ் கை டீச்சருடையது. வெளியே இருந்த மூன்று விரல்கள் டீச்சருடையவை அல்ல, கணவருடையவை அல்ல, பேச்சியம்மாளின் தேய்ந்த விரல்கள் அல்லவே அல்ல. அன்று மாலை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று விரல்களுக்குச் சொந்தக்காரன் நான் ஓய்வு பெறும்வரை அகப்படவில்லை. எட்டுப் பவுனும் அப்படியே போயிற்று.

அங்கிருந்து கிளம்பும்போது டீச்சர் ஜீப் வரைக்கும் வந்தார். "அவ முகத்துல நான் எப்படி சார் முழிப்பேன்? என்ன சொல்ல?" என்றார். தங்கப்பன் சார், "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை, டீச்சரே" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் என்ன செய்தார் என்பதைப் பிறகு ஜெயசீலன் என்னிடம் ரயில்நிலையத்தில் சொன்னார். மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு, அவள் வேலை செய்யும் மற்ற மூன்று வீடுகளுக்கும் நடந்தே போனாராம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஜன்னலை அடைத்தது நான், குற்றம் சொன்னதும் நான் என்று சொன்னாராம். மூன்று வீடும் அவளை நிறுத்தவில்லை. டீச்சர் வீட்டுக்கு மட்டும் அவள் வரமாட்டேன் என்றாள். கெஞ்சிக் கூப்பிட்ட பிறகு, ஒரு நிபந்தனை சொல்லிவிட்டு வந்தாளாம். நிபந்தனை என்ன என்று அவர் சொல்வதற்குள் அவருடைய வண்டி வந்துவிட்டது.

வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்த பிறகு ஒரு காலையில் வேறொரு வேலையாக அந்தத் தெரு வழியாகப் போனேன். டீச்சர் வீட்டு வாசற்படியில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். வேலை முடிந்துவிட்டது போல, சேலையை இடுப்பில் செருகி, குடையைக் கையில் வைத்திருந்தாள். ஆனால் இறங்கவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடுக்களை?"

"போட்டாச்சு" என்றது உள்ளேயிருந்து டீச்சரின் குரல்.

"குளிமுறி?"

"குளியலறையும் போட்டாச்சுடி."

"முன்ஜன்னல்?"

தாழ்ப்பாளை அசைக்கும் சத்தம் கேட்டது. "மழையில மரம் ஊதிப்போச்சு, இறங்க மாட்டேங்குது. நீ போ, பிறகு போட்டுக்கிடுதேன். எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"நீங்க போடுங்க டீச்சர். போட்ட பெறகுதான் நான் படி இறங்குவேன். அதுதானே பேச்சு?"

உள்ளே டீச்சர் ஏதோ முனகினார். ஜன்னல் கதவு இரண்டு தடவை அதிர்ந்தது. பிறகு தாழ்ப்பாள் துளைக்குள் இறங்கும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. பேச்சியம்மாள் வெளியிலிருந்து அந்த ஜன்னல் கதவை ஒரு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. குடையை விரித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.